இடையில் நிற்பவன் எப்போது உறங்கலாம்?



வடாலா ரோடு இரயில் நிலையத்தை அறியாத மும்பைத் தமிழர் அரியர். ஹார்பர் பாதை அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கிங்ஸ் சர்க்கிள், மாஹிம் வழியாக அந்தேரியையும் கோரேகாவையும் நோக்கிச் செல்கிறது. மற்றொன்று குர்லா, செம்பூர் வழியாகச் சென்று, கடற்கழியைக் கடந்து, பன்வேலை அடைகிறது. பகலெல்லாம் ஓயாது ஓடும் இந்த வண்டிகளுக்கு நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரமே ஓய்வு. அந்த ஓய்விலும் இரு வகை உண்டு. நடைமேடை அருகே விளக்கெரிய நிற்கும் வண்டி, கைகாட்டி கிடைத்த மாத்திரத்தில் புறப்பட்டுவிடும். கழிக்கு அப்பால் சான்பாடாப் பணிமனைக்கு அனுப்பப்பட்ட வண்டியோ அவ்வளவு விரைவில் திரும்பி வராது. ஆனால் அதனால் ஏற்படும் மின் செலவு மிகக் குறைவு. எந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்பது, அது மறுபடியும் எப்போது தேவைப்படும் என்பதைப் பொறுத்தது.

நம் மேசை மேலுள்ள கணினியின் உள்ளேயும், அதனோடு நாம் பொருத்தும் வடங்களின் நடுவிலும், இதே கணக்கு நொடிக்குப் பன்முறை போடப்படுகிறது. அங்கே வண்டிக்குப் பதில் மின்குறிகள் ஓடுகின்றன. அக்குறிகள் வழியில் தளர்ந்து போகாமல் தாங்கி அனுப்பும் சிறு கருவிகளுக்கு ‘ரிப்பீட்டர்’ என்று பெயர். அவை எப்போது உறங்கலாம், எவ்வளவு ஆழமாக உறங்கலாம், எழுப்பினால் எத்தனை விரைவில் எழ வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வானொலி நேயர்களுக்கு ரிப்பீட்டர் புதியதன்று. டில்லியிலிருந்து தமிழ்ச் செய்திகள் ஒலிபரப்பான நாட்களில், சென்னை, திருச்சி முதலிய நிலையங்கள் அவற்றை வாங்கித் தத்தம் நேயர்க்கு வழங்கின. அதனை ‘அஞ்சல் செய்தல்’ என்று கூறினோம். தொலைவு மிகுந்தால் ஒலி தேயும். தேயுமுன் நடுவில் ஒருவர் வாங்கி, வலுவூட்டி, அப்பால் அனுப்ப வேண்டும். 1956-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் முதன்முதலாகத் தொலைபேசி வடம் இயங்கத் தொடங்கியபோது, போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு வடங்கள் இடப்பட்டன. ஒவ்வொரு வடத்திலும் 51 ரிப்பீட்டர்கள் கோக்கப்பட்டிருந்தன. கடலடியில் கிடந்த அந்த வால்வுக் கருவிகள் 1978-இல் வடம் ஓய்வு பெறும் வரையில் பணியாற்றின. நம் நாட்டில் சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழை வடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னையிலிருந்து செல்லும் நெடுவழியில் அதற்கும் ரிப்பீட்டர்கள் உண்டு. கரையிலிருந்து செல்லும் மின்சாரமே அவற்றுக்கு உணவு. இத்தகைய கடலடிக் கருவிகள் உறங்குவதில்லை. நூற்றுக்கணக்கான பேருடைய பேச்சு ஒருங்கே அவற்றின் வழியாகச் செல்வதால் அங்கே மௌனம் என்பதே இல்லை.

ஆனால் இன்று ரிப்பீட்டர் கடலைக் கடக்க மட்டும் வேண்டியதாக இல்லை. ஒரு முழ நீளமுள்ள தகட்டைக் கடக்கவும் அது தேவைப்படுகிறது. கேட்போர்க்கு இது வியப்பாக இருக்கலாம். காரணத்தைக் காண்போம்.

கணினியின் மூளையையும் அதன் பிற உறுப்புகளையும் இணைக்கும் பாதைகளுள் பெயர் பெற்றது ‘பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்’ என்பது. 2017-இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பில், ஒவ்வொரு வழியிலும் நொடிக்கு 1,600 கோடிக் குறிகள் செல்லும். 2019-இன் ஐந்தாம் பதிப்பில் 3,200 கோடி. 2022-இன் ஆறாம் பதிப்பில் 6,400 கோடி. ஐந்தாம் பதிப்பின் வேகத்தில் ஒரு குறிக்குக் கிடைக்கும் காலத்தில் மின்னலை செம்புக் கம்பியின் மேல் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் தூரமே நகரும். அதாவது, ஒவ்வொரு குறியும் ஓர் அரிசிமணி அளவே நீளமுடையது. ஒன்றன்பின் ஒன்றாக அரிசிமணிகள் இடைவெளியின்றி ஓடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். வேகம் மிகுந்தால் தேய்வும் மிகும். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும்போது நேரக்கூடிய தேய்வுக்கு 36 டெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கின்றனர். எளிய கணக்கில் சொன்னால், புறப்பட்ட ஆற்றலில் சற்றேறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கே போய்ச் சேர்கிறது. தகடு சற்று நீண்டாலும், நடுவில் ஓர் இணைப்பி கூடினாலும், அந்த எல்லை கடந்துவிடும். அப்போது நடுவில் அஞ்சல் செய்ய ஒருவர் வேண்டும்.

அவருள் இரு திறத்தார் உண்டு. ஓர் உவமையால் விளக்குகிறேன். தாராவியில் இருக்கும் காது மந்தமான ஆச்சிக்குத் திருநெல்வேலியிலிருந்து மகள் தொலைபேசியில் பேசுகிறாள். மூத்த பேரன் என்ன செய்கிறான்? ஒலியைக் கூட்டி, கருவியை ஆச்சியின் காதருகே பிடிக்கிறான். பேச்சு பெரிதாகக் கேட்கிறது. உடன் வரும் இரைச்சலும் பெரிதாகிறது. இளைய பேரனோ தானே கேட்டு, பொருளை உணர்ந்து, தன் குரலில் புதிதாக ஆச்சியின் காதில் எடுத்துரைக்கிறான். இரைச்சல் அவனோடு நின்றுவிடுகிறது. முன்னவனைப் போன்றது ‘ரீடிரைவர்’. அது குறியைப் பெருக்கும், தேய்ந்த பகுதியைச் சரிக்கட்டும். ஆனால் என்ன செய்தி செல்கிறது என்பதை அறியாது. பின்னவனைப் போன்றது ‘ரீடைமர்’. அது குறிகளை ஒவ்வொன்றாகப் படித்து, காலத்தைச் சீர்செய்து, புத்தம் புதிதாக மறுபடியும் எழுதி அனுப்பும். முன்னது மலிவு, மின்சாரமும் குறைவாக உண்ணும். பின்னது விலை மிக்கது, உணவும் மிக்கது.

இனி உறக்கத்துக்கு வருவோம்.

இத்தகைய பாதைகளில் ஒரு விந்தை உண்டு. பேசுவதற்குச் செய்தி ஒன்றும் இல்லாத வேளையிலும் அவை பேசிக்கொண்டே இருக்கும். இரு முனைகளின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். ஆகையால் பொருளற்ற நிரப்புக் குறிகளையாவது இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருத்தல் வேண்டும். பயணி ஒருவரும் இல்லாமல், குறித்த நேரத்துக்கு ஓடும் வண்டியைப் போன்றது இது. வண்டி நிறைந்தாலும் காலியானாலும் மின் செலவு பெரிதும் மாறுவதில்லை. பதினாறு வழிகளைத் தாங்கும் ஒரு ரீடைமர் பல வாட் மின்சாரத்தை உண்ணும். பேச்சுக்காக அதனைப் பத்து வாட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம்; ஒரு கருவிக்கே 87 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. பத்தாயிரம் கருவிகள் உள்ள ஒரு கூடத்தில் எட்டே முக்கால் லட்சம் யூனிட். அவ்வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனம் உண்ணும் மின்சாரம் வேறு. ஐரோலி, மஹாபே, ரபாலே என்று கழிக்கு அக்கரையில் எழுந்துள்ள தரவு மையங்களை நினைத்துப் பாருங்கள். சிக்கனத்தின் தேவை தானே விளங்கும்.

ஆகவே, செய்தி இல்லாதபோது பாதை உறங்கட்டும் என்று வகுத்தார்கள். ஆனால் உறக்கத்தில் படிகள் வேண்டும். மாதுங்காவில் ஓர் உணவு விடுதியின் தோசைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாடிக்கையாளர்க்கு இடையே அரை நிமிடமே இடைவெளி எனில், சமையற்காரர் அடுப்பைத் தணிப்பாரேயன்றி அணைக்க மாட்டார். அணைத்தால் கல் ஆறும். மறுபடியும் சூடேற்ற எரிவாயுவும் செலவு, வந்தவரும் காத்திருக்க வேண்டும். பிற்பகல் இடைவேளையிலோ அடுப்பை எரிய விடுவது வீண். யு.எஸ்.பி. என்னும் இணைப்பின் 2008-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு, இதே முறையில் நான்கு நிலைகளை வகுத்தது. யு-0 என்பது முழு விழிப்பு. யு-1 என்பது கண்ணயர்தல். மிக விரைவில் எழலாம். யு-2 அதனினும் ஆழம். யு-3 என்பது முழு உறக்கம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸிலும் எல்-0 என்பது விழிப்பு. எல்-1 என்பது உறக்கம். 2012-இல் எல்-1-க்கு உள்ளேயே மேலும் ஆழமான உட்படிகள் சேர்க்கப்பட்டன. ஆழம் மிகுந்தால் மிச்சம் மிகும். எழும் நேரமும் மிகும். உறங்கி எழுவதற்கான செலவு உறக்கத்தில் மிஞ்சுவதை விடக் கூடுதலானால், உறங்காமல் இருப்பதே சிக்கனம். வள்ளுவர் காலமறிதலுக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ? மின்குறிகளின் உலகிலும் அது பொருந்தும்.

இரு முனைகளும் நேரே பேசிக்கொள்ளும்போது இதில் இடர் அதிகமில்லை. ஏனெனில் உறக்கம் அங்கே உடன்படிக்கையின் மேல் நிகழ்கிறது. யு.எஸ்.பி.யில் ஒரு முனை, “நான் யு-1 நிலைக்குச் செல்லலாமா?” என்று கேட்கும். மறுமுனை, “செல்லலாம்” என்றோ, “வேண்டாம், என்னிடம் வேலை இருக்கிறது” என்றோ விடை சொல்லும். செல்லலாம் என்றால், முதல் முனை “அறிந்தேன்” என்று உரைத்த பின்னரே இருவரும் அமைதியாவர். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸிலும் வேண்டுகோளும் ஒப்புதலும் உண்டு. இவ்வளவு மரியாதை மனிதரிடையே கூட எப்போதும் காண்பதரிது.

இந்த உரையாடல் நடுவில் நிற்கும் ரீடிரைவருக்குப் புரியாது. அதற்குத் தெரிவது ஒன்றே: சற்று முன் ஒலி இருந்தது, இப்போது இல்லை. மூத்த பேரனை நினைவுகூருங்கள். மகள், “சற்றுப் பொறு அம்மா, பால் பொங்குகிறது” என்று அடுக்களைக்குள் செல்கிறாள். இளையவன் அச்சொல்லை உணர்ந்தவன், காத்திருப்பான். மூத்தவனுக்கோ மௌனம் மட்டுமே தெரியும். அது ஒரு நிமிட மௌனமா, பேச்சே முடிந்துவிட்ட மௌனமா என்று அவன் எப்படி அறிவான்? மின் சிக்கனத்தில் ஆர்வம் மிகுந்தவனாயின் தொலைபேசியை வைத்தே விடுவான். ரிப்பீட்டர்களின் மின் சிக்கனத்தில் எழும் தொல்லைகளின் வேர் இதுதான். பல உள்ளன, தலையாயவை மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, மெல்லிய தட்டலை விழுங்குதல். யு-1 நிலையில் இருக்கும் சாதனம், தான் இன்னும் இணைந்தே இருப்பதைக் காட்ட, ஏறத்தாழ 200 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு குறியை அனுப்பும். அந்தத் தட்டல் நீடிப்பது 40 முதல் 200 நானோ நொடி வரையில் மட்டுமே. நானோ நொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த அளவைப் பெரிதாக்கிப் பார்ப்போம். ஒருவர் பதினொன்றரை நாளுக்கு ஒரு தடவை வந்து, மிகுந்தால் ஒரே ஒரு நொடி கதவைத் தட்டிவிட்டுப் போகிறார் என்றால், அந்த விகிதம்தான் இது. வாயிற்காவலன் அந்த ஒரு நொடிக்கு விழித்திருக்க வேண்டும். ரிப்பீட்டர் ஆழ்ந்து உறங்கி, எழுவதற்குச் சில மைக்ரோ நொடி எடுத்துக்கொண்டால், அது கண் திறக்குமுன் தட்டல் முடிந்துவிடும். மறுமுனையில் கணினி 300 மில்லி நொடி வரையில் காத்திருக்கும். பிறகு, சாதனம் கழற்றப்பட்டது என்று முடிவு செய்துவிடும். ஒருவரும் கை வைக்காமலே மேசை மேலிருக்கும் வட்டு ‘காணாமற்’ போய்விடுகிறது. சாதனத்தின் மீதும் குற்றமில்லை, கணினியின் மீதும் குற்றமில்லை. இருவரும் விதிப்படியே நடந்தனர். நடுவில் நின்றவர், அவர்கள் ஒப்புக்கொண்டதை விட ஆழமாக உறங்கிவிட்டார்.

இரண்டாவது, எழுப்பும் குரலின் தலையைக் கொய்தல். ஆழ்ந்த நிலையிலிருந்து எழுப்ப, யு.எஸ்.பி. தாழ்ந்த அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு ஒரு கோடி முதல் ஐந்து கோடி அதிர்வுகள் வரையில், ஓர் அழைப்பை அனுப்புகிறது. முழு உறக்கத்திலிருந்து எழுப்பும் அழைப்பு 80 மைக்ரோ நொடிக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும்; கண்ணயர்விலிருந்து எழுப்பும் அழைப்போ ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவாக இருத்தல் கூடும். ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளும் வரையில் வந்த பகுதி போயிற்று. எஞ்சிய பகுதியே அப்பால் செல்கிறது. கணினிப் பெட்டிக்குள் ஒன்று, நீண்ட வடத்தில் ஒன்று, மேசை மேலுள்ள இணைப்புப் பெட்டியில் ஒன்று என்று மூன்று ரிப்பீட்டர்கள் இருந்தால், ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தலையைக் கிள்ளிவிடும். இறுதியில் போய்ச் சேர்வது, அழைப்பு என்று ஏற்கத் தகாத துண்டாகிவிடும். தனித்தனியே சோதித்தால் ஒவ்வொரு கருவியும் நன்றாகவே இருக்கும். மூன்றையும் கோத்தால் தொல்லை. லாமிங்டன் சாலைக் கடைகளில் மும்முறை வடத்தை மாற்றி வாங்கியும் குறை தீராதவர்கள் சிலருக்கு, மறைந்திருக்கும் காரணம் இதுவாகலாம்.

மூன்றாவது, பொய் விழிப்பு. உறங்குபவன் காதைக் கூர்மையாக்கினால் இது நேரும். பக்கத்துக் கம்பியின் இரைச்சலையும் அழைப்பு என்று எண்ணி எழுந்துவிடுவான். தான் எழுவதோடு நில்லாமல், அந்த இரைச்சலையே பெருக்கி அப்பால் அனுப்பி, உறங்கும் பிறரையும் எழுப்புவான். ஆகவே விதியில் ஓர் எல்லை குறிக்கப்பட்டுள்ளது. யு.எஸ்.பி.யில் 100 மில்லி வோல்ட்டுக்குக் குறைந்ததை அழைப்பாகக் கொள்ளக் கூடாது. 300 மில்லி வோல்ட்டுக்கு மேற்பட்டதை அழைப்பல்ல என்று தள்ளக் கூடாது. இடைப்பட்டதில் கருவி செய்பவரின் திறமை வெளிப்படும். காது மந்தமானால் அழைப்பு தவறும். கூர்மை மிகுந்தால் உறக்கமே இராது.

இவற்றைத் தீர்க்கும் வழிகள் என்ன? நல்ல ரிப்பீட்டர் முழுவதும் உறங்குவதில்லை. குறிகளைப் பெருக்கும் வலிய பகுதியை அணைத்துவிட்டு, மௌனத்தைக் கவனிக்கும் சிறு காது ஒன்றை மட்டும் விழித்திருக்கச் செய்கிறது. அக்காதுக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சிறிது. அடுத்து, மௌனம் கண்டவுடன் ஆழ்ந்து உறங்க விரைவதில்லை. மெல்லிய தட்டல் 240 மில்லி நொடிக்குள் கட்டாயம் வர வேண்டும் என்பது விதி. ஆதலால் அதனினும் நீண்ட காலம் முழு மௌனம் நிலவினாலன்றி, இது யு-1 அன்று, ஆழ்ந்த நிலையே என்று முடிவு கொள்ளக் கூடாது. செய்தியைப் படிக்க அறியாத ரீடிரைவரும் இவ்வாறு பொறுமையால் பாதி அறிவைப் பெறுகிறது. மேலும், எதிர்ப்புறத்தில் உண்மையில் ஆள் உண்டா என்று அது அவ்வப்போது தொட்டுப் பார்த்து, உண்டென்றால்தான் இப்புறத்தாருக்கு உண்டென்று காட்ட வேண்டும். இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டுவதும், இருப்பவரை இல்லையென்று மறைப்பதும் தூதர்க்கு அழகல்ல.

ரீடைமரின் நிலை வேறு. அது உரையாடலைப் படிக்க வல்லது, ஆகவே “உறங்கலாமா?”, “உறங்கலாம்” என்பவற்றைக் கேட்டறிந்து, அவர்களோடு ஒத்த நிலைக்குத் தானும் செல்லலாம். ஆனால் எழும்போது அதற்கு வேலை அதிகம். கடிகாரத்தை மறுபடியும் பிடிக்க வேண்டும். தேய்ந்த குறியைச் சரிக்கட்ட முன்பு கற்ற அளவுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுகளை உறக்கத்தில் மறந்துவிட்டால் பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் நான்காம் பதிப்பு ரீடைமரை முறைப்படி தன் விதிகளுக்குள் ஏற்றுக்கொண்டது. ஒரு பாதையில் இரண்டுக்கு மேல் கூடாது என்றும் வரம்பிட்டது. எல்-0-எஸ் என்னும் மிக மெல்லிய, ஒரு திசை மட்டும் கண்ணயரும் நிலையை, ரீடைமர் நடுவில் உள்ள பாதைகளில் பயன்படுத்த வேண்டாம் என்று விலக்கியது. நடுவில் ஒருவர் நிற்கும்போது அவ்வளவு குறுகிய தூக்கம் கட்டிவராது என்பதே கருத்து.

ஆறாம் பதிப்பில் இதற்கு ஒரு நயமான மாற்று கண்டனர். அதற்கு எல்-0-பி என்று பெயர். பதினாறு வழிகளில் செய்தி குறைந்தால், எட்டு வழிகளையோ பன்னிரண்டு வழிகளையோ உறங்க வைத்துவிட்டு, எஞ்சியவற்றில் ஓட்டத்தைத் தொடர்வார்கள். பாதை முழுதும் ஒருபோதும் மௌனமாவதில்லை. ஆதலால் நடுவில் நிற்பவர் மௌனத்தின் பொருளை ஊகித்துத் தடுமாற வேண்டியதில்லை. விழித்திருக்கும் வழிகளே உறங்கும் வழிகளை எழுப்பச் செய்தி கொணரும். கணினி வலைகளுக்கான ஈதர்நெட் முறையிலும் 2010-இல் வந்த சிக்கன விதி, உறக்கத்தின் நடுவே அவ்வப்போது ஒரு சிறு குறியை அனுப்பி, இரு முனைகளும் கற்றதை மறவாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: உறங்குக, தொடர்பை அறுத்துவிடாதே.

இவ்வளவு நுணுக்கம் ஏன், சிக்கனத்தையே கைவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். உண்மையில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். வட்டு ஒரு முறை காணாமற் போனால், பழுது பார்ப்பவர் கணினியின் அமைப்புக்குள் சென்று மின் சிக்கனத்தை அடியோடு நிறுத்திவிடுகிறார். தொல்லை மறைகிறது; வந்தவர் மகிழ்ந்து செல்கிறார். ஆனால் அந்த ஒரு வடத்தின் குறைக்காகக் கணினியின் பாதைகள் பலவும் அன்று முதல் இரவும் பகலும் விழித்திருக்கின்றன. 2011-ஆம் ஆண்டில் லினக்ஸ் இயக்கமுறையின் 2.6.38 பதிப்பு வெளிவந்த பின் நடந்தது இதற்குச் சான்று. சில கணினிகளில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையின் சிக்கனம் தொல்லை தரும் என்று அஞ்சிச் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால், நன்றாக இருந்த பல மடிக்கணினிகளிலும் அது நின்றுபோய், மின்கலம் முன்னிலும் விரைவில் தீர்ந்தது. காரணம் கண்டு திருத்த மறு ஆண்டு ஆயிற்று. ஒரு நடுவன் தவறினால் பழி அவனோடு நிற்பதில்லை. சிக்கனம் என்ற கொள்கையே பழிக்கப்படுகிறது. இதுவே நான் வலியுறுத்த விரும்பும் செய்தி.

மின்சாரம் அளவற்றது என்று எண்ணும் உரிமை மும்பை மக்களுக்கு இல்லை. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் காலையில் மின்வலை தடுமாறி, நகரின் பெரும்பகுதி இருளடைந்ததும், புறநகர் வண்டிகள் வழியிலேயே நின்றதும் பலர்க்கும் நினைவிருக்கும். அதற்கு ரிப்பீட்டர்கள் காரணமல்ல. ஆயினும் சிறு கருவிகள் கோடிக்கணக்கில் சேரும்போது அவற்றின் வீண் செலவு சிறியதன்று.

ஆகையால் இல்லத்தில் கணினி வைத்திருக்கும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். சாதனம் அடிக்கடி காணாமற் போனால், முதலில் நடுவிலுள்ள நீட்டிப்பு வடங்களையும் இணைப்புப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக நீக்கி, கணினியோடு நேரே பொருத்திப் பாருங்கள். நேரே பொருத்தினால் குறை தீருமெனில், குற்றம் இடையில் இருக்கிறது என்று துணியலாம். வடம் தேவைக்கு மேல் நீளமாக வேண்டாம். கருவி செய்தவர் அதன் உள்நிரலுக்குத் திருத்தம் வெளியிட்டிருந்தால் அதனை ஏற்றுங்கள். உறங்கும் கால அளவுகள் பெரும்பாலும் அங்கேதான் திருத்தப்படுகின்றன. இவ்வளவு செய்தும் தீராவிடில், தொல்லை தரும் அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் சிக்கனத்தை நிறுத்துங்கள்; கணினி முழுமைக்கும் நிறுத்த வேண்டாம். முக்கியமான கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் வட்டு மறைந்தால் எழுதியது பாழாகும். ஆகவே சோதனையை வெற்று வட்டில் செய்வதே அறிவுடைமை.

வடாலாவிலும் மாதுங்காவிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பயிலும் நம் பிள்ளைகளுள் சிலர் நாளை இத்தகைய கருவிகளை வடிவமைப்பர். பலர் அவற்றைச் சோதிப்பர். அவர்கட்கு ஒரு சொல். எத்தனை வாட் மிச்சம் என்பதை மட்டும் அளந்து மகிழாதீர்கள். எழுப்பிய குரலில் எவ்வளவு அப்பால் சென்றது என்பதையும் அளவுங்கள். ஒரு கருவியைத் தனியே சோதித்து நிறைவடையாமல், மூன்றைக் கோத்துச் சோதியுங்கள். பகலெல்லாம் இயங்கிக் காட்டுவது எளிது. அரை மணி மௌனத்துக்குப் பின் வரும் முதல் அழைப்புக்கு விடை சொல்கிறதா என்று பாருங்கள். இரு முனையாரும் எவ்வளவு உறங்க உடன்பட்டார்களோ அவ்வளவே இடையில் நிற்பவர் உறங்கலாம். அதற்குக் குறைந்தால் மின்சாரம் வீண். மிகுந்தால் நம்பிக்கை வீண். மின்சாரத்தை மறுபடியும் உண்டாக்கலாம். நம்பிக்கை இழந்தவர் நிறுத்திய சிக்கனத்தை மறுபடியும் தொடங்கச் செய்வது எளிதன்று.